பழைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம்: எதை முதலில் இறுக்குவது?

வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் முன்சக்கரம் தொடர்பானவற்றை இந்த இதழுக்கென ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள பழைய மோட்டார் சைக்கிள். டயர் மாற்றுவதற்காக முன்சக்கரத்தை நானே கழற்றி மீண்டும் மாட்டினேன். அதன் பிறகு, முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் முன்பு போல இலகுவாக இறங்கி ஏறாமல், பிடித்துப் பிடித்து இயங்குகிறது. முன்பிரேக்கின் பிடிப்பு குறைந்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் அசையவில்லை. எல்லா நட்டுகளையும் நன்றாக இறுக்கித்தான் இருக்கிறேன். சக்கரத்தை மாட்டும் சரியான முறையை முதலிலிருந்து விளக்க முடியுமா, ஐயா?

பதில்: நட்டுகளை நீங்கள் நன்றாக இறுக்கியிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இறுக்கிய வரிசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் வெவ்வேறு இடங்களில் தெரிந்தாலும், சக்கரத்தின் அச்சுத்தண்டான ஆக்சிலை அதன் இடத்தில் அமரவிடாமல் இறுக்கினால் மூன்றும் ஒன்றாகவே வரக்கூடும்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால்தான் உள்ளே இருக்கும் குழாய்கள் உரசலின்றி வழுக்கும். அந்த இரண்டு கால்களையும் கீழே இணைப்பது ஆக்சில். பெரும்பாலான பழைய வண்டிகளில் ஆக்சில் நட்டை இறுக்கும்போது, சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்குகள், அவற்றுக்கு இடையில் உள்ள ஸ்பேசர் குழாய், சக்கரத்தின் சுழற்சியை ஸ்பீடோமீட்டர் கேபிளுக்குக் கொடுக்கும் ஸ்பீடோமீட்டர் டிரைவ், பிரேக் ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டு ஆகிய அனைத்தும் ஒரே அடுக்காக நெருங்கி, ஒரு பக்கத்துக் காலோடு இறுகிவிடுகின்றன. எதிர்ப்பக்கத்துக் கால் ஆக்சிலின் மேல் சற்றே முன்பின் நகரும்படி விடப்பட்டு, ஒரு சிறிய கவ்வு போல்ட்டாலோ, அடியில் வைக்கும் மூடித் தகட்டாலோ கடைசியில் பிடிக்கப்படுகிறது. அந்தக் கால் தனக்கு உகந்த இடத்தைத் தானே கண்டுகொள்ளட்டும் என்பதற்காகத்தான் வடிவமைப்பாளர் அந்த நகர்வை விட்டுவைத்திருக்கிறார். கவ்வு போல்ட்டை முதலிலேயே இறுக்கிவிட்டால், பிறகு ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்தக் கால் உள்நோக்கி இழுபடுகிறது அல்லது வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. மேலே இணையாகவும் கீழே கோணலாகவும் நிற்கும் இரண்டு குழாய்கள் எப்படி வழுக்கும்? உங்கள் ஃபோர்க் பிடித்துப் பிடித்து இயங்குவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இனி, சக்கரத்தை மறுபடி கழற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையில் படாமல் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். ஆக்சிலை உருவியதும் துணியால் துடைத்து, தட்டையான தடிமனான கண்ணாடியின் மேல் மெதுவாக உருட்டிப் பாருங்கள். வளைந்த ஆக்சில் உருளும்போது அதன் அடியில் ஒளிக்கீற்று தோன்றித் தோன்றி மறையும். 0.2 மி.மீ. அளவுக்கு வளைவு இருந்தாலே அந்த ஆக்சிலை மாற்றிவிட வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்களின் கையேடுகளில் காணப்படும் வரம்பு. வளைந்த ஆக்சிலைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. சக்கரத்தையும் ஓட்டுநரையும் சேர்த்துத் தாங்கும் உறுப்பு அது. நேராக இருந்தால், துருவை மெல்லிய உப்புத்தாளால் நீக்கி, மிக மெல்லிய படலமாக கிரீஸ் தடவி வையுங்கள்.

அடுத்து பேரிங்குகள். விரலை உள்வளையத்துக்குள் நுழைத்துச் சுழற்றினால் அது பட்டுப்போலச் சுழல வேண்டும். மணல் அரைபடுவது போன்ற உணர்வோ, ஒரே இடத்தில் தட்டுவதோ இருந்தால் இரண்டு பக்கத்துப் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வண்டிகளின் முன்சக்கரத்தில் பரவலாகக் காணப்படுபவை 6301, 6302 என்ற எண்ணுள்ளவை; முன்னதன் துளை 12 மி.மீ., பின்னதன் துளை 15 மி.மீ. பேரிங் மாற்றும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஸ்பேசர் குழாயை மறக்காமல் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இந்தக் குழாய்தான், ஆக்சில் நட்டின் இறுக்கத்தை ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து மறு பேரிங்கின் உள்வளையத்துக்குக் கடத்துகிறது. அது இல்லாவிட்டால், அல்லது தேய்ந்து நீளம் குறைந்திருந்தால், நட்டை இறுக்க இறுக்கப் பேரிங்குகளின் உள்வளையங்கள் பக்கவாட்டில் நெரிபட்டு, சக்கரம் கனமாகச் சுற்றும். சில நாட்களிலேயே பேரிங் உடைந்து போகும். நான் முதன்முதலாகப் பேரிங் மாற்றிய சக்கரத்தில் இந்தக் குழாயைப் பணிமேசையிலேயே விட்டுவிட்டு மாட்டினேன். நட்டை இறுக்கியதும் சக்கரம் சுற்ற மறுத்தது. நட்டை அரைச் சுற்று தளர்த்தியதும் சுற்றியது. அப்படித் தளர்த்தினால் சரியாகிறது என்று விட்டுவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. நட்டு முழுமையாக இறுகிய நிலையில் சக்கரம் இலகுவாகச் சுற்ற வேண்டும்; இல்லையென்றால் உள்ளே ஏதோ ஒன்று இல்லை அல்லது தவறான இடத்தில் இருக்கிறது.

உங்கள் ஸ்பீடோமீட்டர் வேலை செய்யாததற்கான காரணம் அந்த டிரைவ் உறுப்பில் இருக்கக்கூடும். அதன் உள்ளே இருக்கும் இரண்டு நாக்குகள், சக்கரத்தின் நடுப்பகுதியில் வெட்டப்பட்டுள்ள இரண்டு பள்ளங்களில் உட்கார வேண்டும். அவை பள்ளத்தில் விழாமல் மேட்டில் நிற்கும்போதே ஆக்சிலை இறுக்கினால், நாக்குகள் மடங்கிவிடும். ஸ்பீடோமீட்டர் நின்றுபோவதோடு, அந்த மடங்கிய தகட்டின் தடிமன் அளவுக்கு அடுக்கின் மொத்த அகலமும் கூடிவிடும். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, நாக்குகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். மடங்கியிருந்தால் அந்த வளையத்தை மாற்ற வேண்டும். மாட்டும்போது கையால் அழுத்தி, சக்கரத்தை மெல்ல இருபுறமும் திருப்பினால், அது சட்டென்று உள்ளே விழுவது விரலுக்குத் தெரியும். டிரைவின் வெளிக்கூட்டில் உள்ள மேடு, ஃபோர்க் காலில் உள்ள தடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரத்தோடு சேர்ந்து அந்தக் கூடும் சுற்ற முயன்று கேபிளை முறுக்கி அறுத்துவிடும்.

இப்போது, இந்தப் பதில் முழுவதிலும் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டிரம் பிரேக்கின் தட்டில் ஒரு பள்ளமோ, தட்டை ஃபோர்க் காலோடு இணைக்கும் ஒரு நீட்டுப் பிடியோ இருக்கும். பள்ளமாக இருந்தால், ஃபோர்க் காலின் உட்புறத்தில் உள்ள மேடு அதற்குள் முழுமையாக உட்கார வேண்டும். நீட்டுப் பிடியாக இருந்தால் அதன் போல்ட்டும் நட்டும் மாட்டப்பட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சுழன்றுவிடாமல் தடுப்பது இந்த ஒரே ஓர் இணைப்புதான். அது விட்டுப்போனால், முதல் முறை பிரேக் பிடிக்கும்போதே தட்டு சுழன்று, கேபிளைச் சுருட்டிக்கொண்டு, முன்சக்கரத்தை ஒரே நொடியில் பூட்டிவிடும். ஒரு பட்டறையிலிருந்து சரிசெய்து வந்த வண்டியில் அந்த நீட்டுப் பிடியின் போல்ட், நட்டு இல்லாமல் வெறுமனே செருகப்பட்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். அதை ஓட்டி வந்தவர் பிழைத்தது, அவர் அன்று முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்காததால்தான். எனவே சக்கரத்தைத் தூக்கி மாட்டியவுடன், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இந்தப் பிடிப்பைக் கண்ணால் பார்த்து, கையாலும் தொட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சக்கரம் இடத்தில் நின்றதும், ஆக்சிலைக் கையால் தள்ளியே உள்ளே செலுத்துங்கள். அது தானாக நுழைய மறுத்தால் அடித்து ஏற்றாதீர்கள். சக்கரத்தைச் சற்றுத் தூக்கியோ அசைத்தோ பார்த்தால் நுழைந்துவிடும். அப்படியும் நுழையாவிட்டால், இரண்டு கால்களின் துளைகளும் நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். அதற்கான தீர்வு அடுத்த கேள்வியின் பதிலில் இருக்கிறது. ஆக்சில் முழுமையாக உள்ளே வந்தபின் நட்டைக் கைவிரல் இறுக்கத்துக்குத் திருகுங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் பிடியை அழுத்தமாகப் பிடித்து, பிடித்தபடியே ஆக்சில் நட்டை இறுக்குங்கள். பிரேக் ஷூக்கள் டிரம்மின் சுவரில் முழுமையாகப் பதிந்து, தட்டை அதன் உண்மையான நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து வைக்கும். அந்த நிலையிலேயே தட்டு இறுகிவிடும். இதைச் செய்யாமல் இறுக்கினால் தட்டு சற்று விலகி நின்று, ஷூவின் ஒரு பகுதி மட்டுமே டிரம்மைத் தொடும். உங்கள் பிரேக்கின் பிடிப்பு குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று கருதுகிறேன். நீட்டுப் பிடி உள்ள வண்டிகளில், அதன் இரண்டு முனைகளையும் தளர்வாக விட்டு, ஆக்சில் நட்டுக்குப் பிறகு இறுக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ளுங்கள். கவ்வு போல்ட்டை இன்னும் தொட வேண்டாம். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில் பாரின் மேல் உடல் எடையைக் கொடுத்து, ஃபோர்க்கை ஆழமாக ஐந்தாறு முறை அழுத்தி எழவிடுங்கள். கட்டப்படாமல் இருக்கும் கால், ஆக்சிலின் மேல் நகர்ந்து, மறுகாலுக்கு இணையான தன் இடத்தில் தானாகவே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கே நகரும். ஆனால் ஃபோர்க் இறங்கும் விதத்தில் உடனே வேறுபாடு தெரியும். அதன்பிறகுதான் கவ்வு போல்ட்டை இறுக்க வேண்டும். அதற்கு அதிக விசை தேவையில்லை. 8 மி.மீ. போல்ட்டாக இருந்தால் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே வழக்கம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அலுமினியக் காலில் இந்த போல்ட்டை மிகையாக இறுக்கினால் மரை வழுக்கும் அல்லது கவ்வும் காது விரிசல் காணும்.

அடியில் மூடித் தகடு வைத்து இரண்டு நட்டுகளால் இறுக்கும் வகை வண்டியாக இருந்தால், தகட்டில் அம்புக்குறியோ, முன்பக்கத்தைக் குறிக்கும் எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது வண்டியின் முன்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். முதலில் முன்நட்டை முழுமையாக இறுக்கி, முன்பக்க இடைவெளியை மூடிவிட்டு, பிறகு பின்நட்டை இறுக்க வேண்டும். பின்பக்கத்தில் சிறிய இடைவெளி எஞ்சும். அது இருக்கவேண்டிய இடைவெளி. அதை மூடவேண்டும் என்று மேலும் மேலும் இறுக்கி ஸ்டட் முறிந்த வண்டிகள் உண்டு. குறி எதுவும் இல்லாத தகடுகளில் இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, முன்னும் பின்னும் இடைவெளி சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சக்கரத்தை மறுபடி தூக்கி நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பிரேக் கேபிளின் தளர்வைச் சரிசெய்யுங்கள். ஆக்சில் நட்டு, அது கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின் செருகும் வகையாக இருந்தால் புதிய பின்னையே போடுங்கள். ஒருமுறை மடக்கி நிமிர்த்திய கம்பி இரண்டாம் முறை மடக்கும்போது முறியும் தன்மை கொண்டது.

கேள்வி: சில மாதங்களுக்கு முன் வண்டி சாய்ந்து விழுந்தது. பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் அதன்பிறகு நேராக ஓட்டும்போது ஹேண்டில் பார் இடதுபக்கம் திரும்பி நிற்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியும் மாறவில்லை. ஃபோர்க் வளைந்துவிட்டதா?

பதில்: வளைந்திருக்கலாம், ஆனால் அப்படி முடிவு செய்வதற்கு முன் எளிய சாத்தியம் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஃபோர்க் குழாய்களை மேலும் கீழும் பிடித்துக்கொள்ளும் இரண்டு கவ்விகளை மெக்கானிக்குகள் ‘டி’ என்று அழைப்பார்கள். வண்டி விழும்போது சக்கரம் ஒருபுறமும் ஹேண்டில் மறுபுறமும் தள்ளப்பட, குழாய்கள் அந்தக் கவ்விகளுக்குள்ளேயே திருகிக்கொள்ளும். எதுவும் வளையாமலே இரண்டு கால்களும் முன்னும் பின்னுமாக விலகி நிற்கும்.

இதைக் கண்டறியக் கனமான, தட்டையான கண்ணாடித் துண்டு ஒன்று போதும். கீழ் டி-க்குச் சற்றுக் கீழே, இரண்டு குழாய்களின் முன்முகத்திலும் ஒரே நேரத்தில் படும்படி கண்ணாடியை வைத்துப் பாருங்கள். குழாய்கள் இணையாக இருந்தால் கண்ணாடியின் நான்கு மூலைகளும் ஆடாமல் படியும். திருகியிருந்தால் எதிரெதிர் மூலைகளில் மட்டும் தொட்டு, அழுத்தினால் ஆடும்.

திருகியிருப்பது உறுதியானால், முன்சக்கரத்தைத் தரையில் ஊன்றி நிறுத்தியபடியே, கீழ் டி-யின் போல்ட்டுகள், மேல் டி-யின் போல்ட்டுகள், இரண்டு டி-களையும் இணைக்கும் நடுத்தண்டின் மேல்நட்டு, மட்கார்டைக் கால்களோடு பிணைக்கும் போல்ட்டுகள், ஆக்சிலின் கவ்வு போல்ட், ஆக்சில் நட்டு என அனைத்தையும் சற்றே தளர்த்துங்கள். முழுவதுமாகக் கழற்றிவிடக் கூடாது. மட்கார்டின் போல்ட்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுதியான இரும்பு மட்கார்டின் குறுக்குப் பட்டை இரண்டு கால்களையும் தவறான நிலையிலேயே பிடித்துவைத்திருக்கும். பிறகு சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில் பாரை எதிர்த்திசையில் திருப்பி நேராக்குங்கள். கண்ணாடியை வைத்து மறுபடி பாருங்கள். ஆடாமல் படிந்தால், ஃபோர்க்கைச் சில முறை அழுத்தி எழவிட்டு, கீழ் டி, நடுத்தண்டு நட்டு, மேல் டி, ஆக்சில் நட்டு, கவ்வு போல்ட், இறுதியாக மட்கார்டு என்ற வரிசையில் இறுக்குங்கள். ஆக்சில் நட்டை இறுக்கும்போது, முதல் பதிலில் சொன்னபடி பிரேக்கைப் பிடித்திருக்க மறக்க வேண்டாம். மட்கார்டின் துளைகள் கால்களின் துளைகளுக்கு நேராக வரவில்லையென்றால், போல்ட்டை வலிந்து திருகிக் கால்களை இழுக்காமல், மட்கார்டின் துளையைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு முயன்றும் கண்ணாடி படியவில்லை என்றால் குழாய் வளைந்திருக்கிறது. குழாயை வெளியே எடுத்து, இரண்டு முக்கோணத் தாங்கிகளின் மேல் வைத்துச் சுழற்றிச் சரிபார்க்க வேண்டும். கீழ் டி-க்கு அருகில் குரோமியப் பூச்சு சுருங்கியோ வெடித்தோ இருந்தால், சோதனைக்கே தேவையில்லை. அந்தக் குழாய் மீண்டும் பயன்படுத்தத் தக்கதன்று. கீழ் டி-யிலும், ஃபிரேமின் கழுத்துப் பகுதியிலும் பெயிண்ட் விரிசல் விட்டிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

கேள்வி: கையைத் தளர்த்தினால் என் வண்டி வலதுபக்கமாகவே நகர்கிறது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லை என்று நண்பர் சொல்கிறார். வீட்டிலேயே இதை அளந்து பார்க்க முடியுமா?

பதில்: நூல்கண்டு ஒன்றும் பொறுமையும் இருந்தால் முடியும். உங்கள் நண்பர் சொல்வதும் பொருந்தக்கூடியதே; பல நேரங்களில் முன்சக்கரத்தின் மேல் சுமத்தப்படும் குறை, உண்மையில், செயினின் இறுக்கத்தைச் சரிசெய்ய உதவும் பின்சக்கரத்தின் செயின் அட்ஜஸ்டரில்தான் இருக்கும்.

வண்டியைச் சமதளத்தில் நிமிர்ந்து நிற்கும்படி நிறுத்துங்கள். நீளமான மெல்லிய நூலின் நடுப்பகுதியைப் பின்டயரின் பின்புறத்தில் வைத்து, இரண்டு முனைகளையும் வண்டியின் இருபுறமாக முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்டாண்டிலோ சைலன்சரிலோ படாமல், முடிந்த அளவு உயரத்தில், இரண்டு பக்கமும் ஒரே உயரமாக நூல் செல்ல வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கனமான கட்டைகளில் முனைகளைக் கட்டி, கட்டைகளை மெல்ல உள்நோக்கி நகர்த்துங்கள். பின்டயரின் முன்விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். இப்போது இரண்டு நூல்களும், பின்சக்கரம் எந்தத் திசையை நோக்கி உருள்கிறதோ அந்தத் திசையைக் காட்டுகின்றன. ஸ்டாண்டு குறுக்கே வந்து நூல் போடவே இடமில்லாத வண்டிகளில், நேரான நீண்ட மரச்சட்டங்கள் இரண்டைப் பின்டயரோடு ஒட்டிவைத்தும் இதையே செய்யலாம்.

பழைய வண்டிகளில் முன்டயர் பெரும்பாலும் பின்டயரைவிட அகலம் குறைந்தது. பின்டயர் 100 மி.மீ., முன்டயர் 80 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நூலுக்கும் முன்டயருக்கும் இடையே பக்கத்துக்கு 10 மி.மீ. இருக்க வேண்டும். ஹேண்டிலை மெல்லத் திருப்பி, முன்டயரின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் நூலுக்குள்ள தூரம் ஒன்றாக வரும்படி வைத்து, பிறகு இடப்பக்க இடைவெளியையும் வலப்பக்க இடைவெளியையும் ஒப்பிடுங்கள்.

இரண்டும் வேறுபட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது பின்சக்கரத்தையே. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பொறிக்கப்பட்டிருக்கும் கோடுகளை நம்பி செயினைச் சரிசெய்பவர்களே அதிகம். அந்தக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு, பழைய வண்டிகளில், எந்த உறுதியும் இல்லை. ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். பின்ஆக்சிலின் இரண்டு அட்ஜஸ்டர்களுக்கும் இடையே 200 மி.மீ., இரண்டு சக்கரங்களின் ஆக்சில்களுக்கும் இடையே 1,300 மி.மீ. என்று கொள்வோம். ஒரு பக்க அட்ஜஸ்டர் வெறும் 1 மி.மீ. கூடுதலாக இழுக்கப்பட்டிருந்தால், பின்சக்கரம் காட்டும் கோடு முன்சக்கரத்தை அடையும்போது 6.5 மி.மீ. விலகிவிடும். 10 மி.மீ.க்கு 10 மி.மீ. என்று இருக்க வேண்டிய இடைவெளி, ஒரு பக்கம் 16.5 ஆகவும் மறுபக்கம் 3.5 ஆகவும் மாறிவிடுகிறது. எனவே ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து பின்ஆக்சிலின் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து சமப்படுத்திவிட்டு, நூலை மறுபடி பாருங்கள்.

அதன்பிறகும் வேறுபாடு மீதமிருந்தால், இரண்டு சக்கரங்களில் ஏதோ ஒன்றின் ரிம் பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. முன்சக்கரத்தில் இதை அறிவது எளிது: ரிம்மின் ஓரத்திலிருந்து இடக்கால் வரையும் வலக்கால் வரையும் அளந்தால் போதும். ஸ்போக் கட்டும்போது ரிம்மைத் தவறான பக்கம் இழுத்துக் கட்டியிருக்கலாம். அல்லது ஆக்சிலில் போடவேண்டிய ஸ்பேசர்கள் இடம் மாறியிருக்கலாம். இரண்டு ஸ்பேசர்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நீளத்தில் சில மில்லிமீட்டர் வேறுபடும் வண்டிகள் உண்டு. கழற்றும்போதே எது எந்தப் பக்கம் என்று குறித்துவைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. ஆனால் சில வண்டிகளில், ஒரு பக்கம் மட்டும் டிஸ்க்கோ பெரிய டிரம்மோ இருப்பதால், சக்கரத்தின் நடுப்பகுதியைப் பொறுத்து ரிம் வேண்டுமென்றே ஒருபக்கம் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். எனவே அளக்கும்போது சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து அளக்காமல், ஃபோர்க் கால்களிலிருந்து அளக்க வேண்டும்.

நூல் சரியாக நின்றும் வண்டி இழுத்தால், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுநிலையில் பள்ளத்தில் விழுவது போல ஒரு தட்டு உணர்ந்தால், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதியான கோன் செட்டின் பாதையில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முடியாது. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: சக்கரம் சுற்றும்போது டயர் ஒரு பக்கம் போய்ப் போய் வருகிறது. ஆக்சிலைச் சரியாக மாட்டாததால் இப்படி ஆகுமா?

பதில்: ஆகாது. ஆக்சில் தவறாக மாட்டப்பட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கலாம், கனமாகச் சுற்றலாம், அலைந்து சுற்றாது. ஃபோர்க் காலில் ஒரு பென்சிலைக் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு அருகில் நிறுத்திச் சுழற்றுங்கள். பென்சிலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி மாறினால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ. என்பது பல கையேடுகள் தரும் எல்லை. ரிம் நேராகச் சுற்றி டயர் மட்டும் அலைந்தால், டயர் ரிம்மில் சீராக உட்காரவில்லை. டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு, சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்றடியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள சுழற்சி அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேள்வி: என் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக். சக்கரத்தை மாட்டும் முறையில் மாற்றம் உண்டா?

பதில்: ஆக்சில் நட்டு, ஃபோர்க்கை அழுத்தி எழவிடுதல், கவ்வு போல்ட் என்ற வரிசையில் மாற்றமில்லை. சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை யாரும் அழுத்திவிடாதபடி, பேடுகளுக்கு இடையில் ஒரு மெல்லிய மரத்துண்டைச் செருகிவையுங்கள். அழுத்திவிட்டால் பேடுகள் நெருங்கிக்கொண்டு டிஸ்க்கை உள்ளே விடாது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி 750 போன்ற, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் ஒரு கையில் தொங்கி ஆடும் வகைப் பழைய வண்டிகளில், அந்தக் கையின் நிலையைத் தீர்மானிக்கும் ஒரு திருகு இருக்கும். சக்கரம் மாட்டி முடித்தபின், பேடு டிஸ்க்கைத் தேய்க்காத அளவுக்கு அதைச் சரிசெய்து, அதன் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். கிரீஸ் பட்ட விரல்களால் டிஸ்க்கைத் தொட்டிருந்தால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன், பிடி கெட்டியாகும் வரை பிரேக்கைப் பல முறை அழுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று அழுத்தங்களில் பிடி வெறுமனே உள்ளே போகும், அந்த நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.